ரெசினா, கடலை ஓட்டுக் கரியா: நிக்கல் தண்ணீருக்கு நான் எதை வைத்தேன், ஏன்

கோவையில் எங்களுடையது சின்ன ஜாப் ஒர்க் பிளேட்டிங் பட்டறை. பம்ப் பாகம், போல்ட், கிளாம்ப் என்று வருவதற்கெல்லாம் ஜிங்க்கோ நிக்கலோ முலாமாகப் போட்டுக் கொடுப்போம். பொருளை அலசுகிற ரின்ஸ் தண்ணீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர். அதை ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு அமைப்பில்) சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்த பிறகும் நிக்கல் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். அந்த மிச்சத்தைப் பிடிக்க முதலில் ரெசின் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் மணிகள்) வைத்து எட்டு மாதம் ஓட்டினேன். இப்போது ஒன்றரை வருடமாகக் கடலை ஓட்டைக் கரியாக்கி, இரண்டு டிரம்மில் அடைத்து ஓட்டுகிறேன். என் சாய்வு கரி பக்கம்தான், அதை ஒளிக்கவில்லை. ஆனால் இதே மாதிரிக் கரிக்குப் பயோசார் (உயிர்க்கரி) என்று பெயர் வைத்து மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிற அளவுக்கெல்லாம் இல்லை.

சுண்ணாம்பு போட்ட பிறகும் ஏன் மிஞ்சுகிறது என்று கேட்பவர்களுக்காக: ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு பிஎச்சில் (அமில, கார அளவு) கரையாத வண்டலாகிக் கீழே இறங்கும். ஜிங்க் 9-லிருந்து 9.5-க்குள் நன்றாக இறங்கிவிடும். நிக்கலுக்கு 10-க்கு மேல் போக வேண்டும். சரி, ஏற்றிவிடலாமே என்று ஏற்றினால் 10.5-ஐத் தாண்டும்போது இறங்கிய ஜிங்க் மறுபடியும் கரைந்து மேலே வர ஆரம்பிக்கும். இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கிற எங்களைப் போன்ற பட்டறையில் இந்த இழுபறி தீராது. பிரைட்னர் மருந்துகள் வேறு நிக்கலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்க விடாது. எங்களுக்கு லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் நிக்கல் மிஞ்சும். மேற்பரப்பு நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பே நிக்கலுக்கு 3 மில்லிகிராம், ஜிங்க்குக்கு 5. நாங்கள் வெளியே விடுவதில்லை, மறுபடியும் ரின்ஸுக்குத்தான் எடுக்கிறோம். அதனால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. சுத்தமில்லாத ரின்ஸ் தண்ணீர் பொருளோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போகும். நிக்கல் முலாம் போடுகிற தொட்டியான பாத்துக்குள் ஜிங்க் கொஞ்சம் சேர்ந்தாலே பொருளின் குழிவான இடங்களில் கருப்புக் கோடு விழும், பார்ட்டி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆர்ஓவை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தண்ணீர் அருமையாக வரும், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போகிற உலோகம், உப்பு எல்லாம் ரிஜெக்டில், அதாவது அது ஒதுக்கிவிடுகிற தண்ணீரில், கெட்டியாகி நிற்கும், அந்த ரிஜெக்டை ஆவியாக்க எவாப்பரேட்டர் வேண்டும், எவாப்பரேட்டருக்கு விறகோ கரன்டோ வேண்டும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு அங்கே ஜீரோ டிஸ்சார்ஜுக்காக (கழிவுநீரை வெளியே விடாமலிருக்க) ஆர்ஓவும் எவாப்பரேட்டரும் போட்டுக் கூட்டாக ஓட்டுகிறார்கள். நாளுக்கு 1,000 லிட்டர் வைத்திருக்கிற ஒற்றைப் பட்டறைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கடையில் வாங்குகிற ஆக்டிவேட்டட் கார்பனும் எனக்குச் சரிப்படவில்லை. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரியிலிருந்து தயாராகும் நல்ல சரக்கு, கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு என்று சொல்வார்கள், பொய்யில்லை. அந்தப் பரப்பு முழுக்க நுண்ணிய துளைகள். சாயம், எண்ணெய், வாசனை போன்ற ஆர்கானிக் சமாச்சாரங்களுக்கு அது சரியான பொருள். உலோக அயனிக்குத் துளையைவிட, மேற்பரப்பில் ஆக்ஸிஜன் கலந்த குழுக்கள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்பதுதான் கணக்கு. அதிகச் சூட்டில் செய்த கரியில் அவையெல்லாம் எரிந்து போயிருக்கும். குறைந்த சூட்டில், 350 முதல் 500 டிகிரிக்குள், செய்த கரியில் தங்கும். அதோடு ஓடு, வைக்கோல், சாணம் போன்றவற்றின் கரியில் சாம்பல் சத்து கூடுதலாக இருப்பதால் அந்தக் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் உலோகத்தை அங்கேயே படியவைக்கும். விலை அதிகம், வேலை குறைவு என்றால் எதற்கு வாங்க வேண்டும்?

இனி ரெசின். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் ரெசின் கரியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சாதாரண கேட்டயான் (நேர்மின்னூட்ட அயனியைப் பிடிக்கிற) ரெசினுக்கு லிட்டருக்கு 1.9 ஈக்விவலன்ட் (அயனியின் மின்னூட்டத்தை வைத்து எண்ணுகிற அலகு) அளவில் கொள்ளளவு. முழுக்க நிக்கலாகவே பிடித்தால் லிட்டர் ரெசினுக்கு 55 கிராம் நிக்கல். 100 லிட்டர் ரெசின் வைத்தால் 5 கிலோவுக்கு மேல், எங்களுக்கு மூன்று வருடத்துக்குக் காணும். விற்க வந்தவர் இந்தக் கணக்கைத்தான் என் மேஜையில் கால்குலேட்டரை வைத்துத் தட்டிக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டே வாரத்தில் நிக்கல் வெளியே வந்துவிட்டது. ரெசினில் பழுது என்று சண்டை போட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் தப்பு என் பக்கம். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு ரெசினுக்கு அனுப்புகிறேன். அதில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம் சாதாரணமாக நிற்கும், நிக்கலோ வெறும் 5. ரெசினுக்கு நிக்கல் வேண்டும், கால்சியம் வேண்டாம் என்ற விவரமெல்லாம் கிடையாது, வருகிறதையெல்லாம் பிடிக்கும். 1,000 லிட்டரில் வருகிற கால்சியம் ஒரு நாளைக்கு 10 ஈக்விவலன்ட், நிக்கல் 0.17. அதாவது நான் காசு கொடுத்து வாங்கிய கொள்ளளவில் நிக்கலின் பங்கு நூறில் இரண்டுகூட இல்லை, மிச்சம் எல்லாவற்றையும் நான் போட்ட சுண்ணாம்பே தின்றுவிட்டது. நிக்கலை மட்டும் பொறுக்கி எடுக்கிற கீலேட்டிங் ரெசின் இருக்கிறது, நல்ல பொருள், விலையும் பல மடங்கு. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பெரிய பட்டறை, நிக்கல் மட்டுமே போடுகிறவர், நிக்கலை மீட்டு மறுபடி பாத்துக்கே விடுகிறவர் என்றால் அதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது மெயின்டனன்ஸ். என் முடிவை மாற்றியது இதுதான், மற்றதெல்லாம் துணைக்காரணம்.

ரெசின் நிறைந்ததும் ஆசிட் விட்டுக் கழுவி, காஸ்டிக் விட்டு மறுபடி தயார்செய்ய வேண்டும். 100 லிட்டர் ரெசினுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கேன் ஹைட்ரோகுளோரிக். சல்பூரிக் மலிவாயிற்றே என்று அதை விட்டால் கால்சியத்தோடு சேர்ந்து ரெசினுக்குள்ளேயே ஜிப்சம் கட்டிக்கொள்ளும், அப்புறம் ரெசின் இருக்கிற வெசலைத் திறந்து குத்திக் கிளற வேண்டியதுதான். ஆசிட் தண்ணீர், கழுவின தண்ணீர், காஸ்டிக் எல்லாம் சேர்ந்து ஒரு தடவைக்கு 600, 700 லிட்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 15,000 லிட்டருக்கு மேல். அது எங்கே போகும்? ஈடிபிக்கே திருப்பினோம். நிக்கல் ஸ்லட்ஜாக (வண்டலாக) இறங்கிவிடும், உப்பு இறங்காது. எங்கள் தண்ணீர் வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர், அதில் ஒவ்வொரு தடவையும் ஒரு கேன் ஆசிட்டின் உப்பு சேர்ந்தால் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பின் அளவு) என்னவாகும்? ஏறிக்கொண்டே போய் நிக்கல் பொருளில் வெள்ளைத் திட்டு விழ ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் வெயிலில் வற்றவைக்கிற ஆழமில்லாத தொட்டிக்கு, அதாவது சோலார் பேனுக்கு, விட்டோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் பேன் காயவில்லை. நிரம்பின பேனை ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு, இன்னும் நாலு விரல் மழை பெய்தால் வழிந்துவிடுமே என்று நின்ற அந்த வாரத்தில்தான் ரெசினை நிறுத்துவது என்று தீர்மானித்தேன்.

கரிக்கு ரீஜெனரேஷனே கிடையாது. பிடிக்கிற வரை பிடிக்கும், நிறைந்ததும் அள்ளி, வடித்து, காயவைத்து மூட்டை கட்ட வேண்டும். சுற்றி வருகிற தண்ணீரிலிருந்து உலோகம் காய்ந்த பொருளாக வெளியேறுகிறது, தண்ணீரில் புது உப்பு சேரவில்லை. எனக்கு இந்த ஒரு குணம் போதும். மூட்டை கிழிந்தால் பெருக்கி அள்ளிக்கொள்ளலாம், பேன் வழிந்தால் என்ன செய்வது?

செய்கிற விதம் ஒன்றும் மந்திரமில்லை. கடலை உடைக்கிற மில்லில் ஓடு மூட்டையாகக் கிடைக்கும். பாய்லர்க்காரர்களும் அதையே தேடுவதால் சீசனில் வாங்கி அடுக்கிவிடுவது நல்லது. 200 லிட்டர் இரும்பு டிரம், அடியில் துளை, மேலிருந்து நெருப்பு. முதலில் கண்ணை எரிக்கிற மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை வரும், அது மெலிந்து நீலமாகி, கிட்டத்தட்டத் தெரியாமல் போகிற சமயம் பார்த்துத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். அசந்தால் சாம்பல்தான். 100 கிலோ ஓட்டுக்கு 25 முதல் 30 கிலோ கரி தேறும். அப்புறம் சலித்து, மாவை எறிந்துவிட்டு, ரவையைவிடக் கொஞ்சம் பெரிய பருவெட்டை மட்டும் எடுத்து, கருப்புத் தண்ணீர் நிற்கும் வரை கழுவ வேண்டும். கழுவாமல் போட்டால் முதல் இரண்டு நாள் சாம்பல் காரம் இறங்கி பிஎச் எகிறும். நான் கழுவாமல் போட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

புகை உண்மையான குறை. டிரம்மில் எரிக்கிறபோது பக்கத்து ஷெட்காரர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், அவர் சொல்வதும் நியாயம். இப்போது தோட்டம் வைத்திருக்கிற மச்சான் வீட்டில்தான் எரிக்கிறோம், புகையையும் மேலே குழாய் வைத்து எரியவிடுகிறோம்.

ஓட்டுகிற முறை: இரண்டு டிரம் வரிசையாக. தெளிந்த தண்ணீரை பிஎச் 7-க்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, மணல் வடிகட்டியில் விட்டுத்தான் கரிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்லட்ஜ் பொடி கரியை அடைத்துவிடும். மணிக்கு 125 லிட்டர், அதற்கு மேல் அவசரப்பட்டால் நிக்கல் நழுவிவிடும். முதல் டிரம் முடியும்போது இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதுக் கரியைப் பின்னால் வைப்போம். முடிந்ததா என்று பார்க்க லேப் தேவையில்லை. இரண்டு டிரம்முக்கும் நடுவில் உள்ள குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு அமோனியா, இரண்டு சொட்டு டைமெத்தில்கிளையாக்சிம் என்கிற சோதனை மருந்து. நிக்கல் இருந்தால் ரோஸ் கலர் மெல்லத் திரளும். எங்கள் ஈடிபி அண்ணன் அதை தினமும் காலையில் டீக்கு முன்னால் பார்த்துவிடுவார். "பன்னீர் ரோஜா பூத்திருச்சு, மாத்தீறலாமுங்க" என்று அவர் சொன்னால் அன்றைக்கு டிரம் மாற்றுகிற நாள்.

எவ்வளவு பிடிக்கிறது? ஆய்வுக் கட்டுரைகளில் கிராமுக்குப் பத்து, இருபது மில்லிகிராம், சிலதில் அதற்கும் மேலே என்று பார்க்கலாம். அது பீக்கரில், சுத்தத் தண்ணீரில், ஒரே ஒரு உலோகத்தைக் கரைத்து, மணிக்கணக்கில் குலுக்கி எடுத்த கணக்கு. எங்கள் டிரம்மில் கிராமுக்கு 2 மில்லிகிராம்தான் தேறுகிறது. கால்சியம் இங்கேயும் இடத்தைப் பிடிக்கிறது, ரெசின் அளவுக்கு மோசமில்லை, அவ்வளவே. ஒரு டிரம்முக்கு 30 கிலோ கரி, அதனால் 60 கிராம் நிக்கல், நாளைக்கு 5 கிராம் வீதம் 12 நாள். வருடத்துக்கு 25 தடவை மாற்றினால் முக்கால் டன் கரி. ஒன்றரைக் கிலோ நிக்கலைப் பிடித்து வைக்க முக்கால் டன் கரியா என்று கேட்டால், ஆமாம். எடைக் கணக்கில் கரி தோற்றுவிடுகிறது, அதை மறைக்க முடியாது. அந்த மூட்டைகளும் ஸ்லட்ஜோடு சேர்த்து அபாயக் கழிவாகத்தான் போக வேண்டும். 2016 விதிகளின்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படிவம் 10 (கழிவோடு போகிற சீட்டு) நிரப்பி கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு லாரியில் ஏற்றுகிறோம். லாரி வாடகை, டன்னுக்கான கட்டணம் எல்லாம் போட்டும் எனக்கு ஆசிட், காஸ்டிக், பேன் செலவைவிடக் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் நாளைக்கு 5,000 லிட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடலாம். சிமென்ட் சூளையில் சேர்த்து எரிக்க ஏற்பாடு செய்யலாம் என்கிறார்கள், கரிக்கு எரிசக்தி இருப்பதால் அவர்களுக்கும் லாபம். எங்கள் அளவுக்கு இன்னும் யாரும் பிடிகொடுக்கவில்லை.

கரியில் எனக்குப் பயம் தருகிற விஷயம் வேறு. காய்ந்த பிறகு அது பார்க்க நல்ல கரி மாதிரியே இருக்கும். ஸ்லட்ஜைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது, இதைப் பார்த்தால் வரும். போன தை மாதம் பின்பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, "ஏனுங்க தம்பி, அந்தக் கரி சும்மாதானுங்க கெடக்குது, நாலு மூட்டை குடுத்தீங்கன்னா தென்னைக்குப் போட்டுக்குவேன்" என்றார். உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்று எங்கேயோ கேட்டிருக்கிறார், கேட்டதும் சரிதான், ஆனால் இந்தக் கரி இல்லை. அவரை உள்ளே கூட்டிவந்து, உபயோகித்த கரியில் ஒரு பிடி எடுத்து வினிகரில் போட்டு, அந்தத் தண்ணீரில் அமோனியா தாராளமாக ஊற்றி மருந்து விட்டுக் காட்டினேன். கிளாஸ் முழுக்க ரோஸ். "அட சாமி" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து மூட்டை ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி, ஷெட்டுக்குப் பூட்டு. வேலையாட்கள் டீ அடுப்புக்கு எடுத்துவிடக் கூடாது என்பது இன்னொரு கவலை. உலோகம் எரியாது, சாம்பலில் இன்னும் கெட்டியாக நிற்கும், குரோம் கலந்த கரி என்றால் காற்றில் காரச் சாம்பலோடு சூடாகும்போது சாதுவான குரோம் மூன்று விஷமான குரோம் ஆறாக மாறக்கூட வாய்ப்பு உண்டு. குரோமேட் தயாரிக்கிற ஆலைகள் செய்ததே அதைத்தான், தாதுவைச் சோடாச் சாம்பலோடு வறுப்பது. ராணிப்பேட்டையில் அப்படி ஓடிய ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடியபோது விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல், நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது அந்தக் குவியல்தான்.

குரோம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜிங்க் லைனில் மஞ்சள் பாசிவேஷன் (ஜிங்க் மேல் குரோம் கரைசலில் போடுகிற பாதுகாப்புப் படலம்) செய்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் கரி டிரம்முக்கு விட்டு ஏமாறாதீர்கள். நான் ஒரு தடவை விட்டேன், மஞ்சளாகப் போனது மஞ்சளாகவே வந்தது. நிக்கல், ஜிங்க், காப்பர், ஈயம் எல்லாம் தண்ணீரில் நேர்மின்னூட்டத்தோடு இருப்பவை, கரியின் எதிர்மின்னூட்டப் பரப்பு அவற்றை இழுக்கும். குரோம் ஆறு குரோமேட்டாக, எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், நடுநிலைத் தண்ணீரில் கரி அதைத் தள்ளிவிடும். பிஎச்சை 2-க்குக் கொண்டுபோனால் கரி அதைப் பிடித்து, மூன்றாகக் குறைக்கவும் செய்யும் என்பது வேதியியலில் சரி, ஆனால் அதை டிரம்மில் நம்பி ஓட்ட எனக்குத் தைரியமில்லை. அதற்கு வரம்பே 0.1 மில்லிகிராம்தான். தனித் தொட்டியில் பிஎச் 2.5-க்கு இறக்கி, மெட்டாபைசல்பைட் போட்டு, மஞ்சள் பச்சையானதும் சுண்ணாம்பு போடுவது பழைய வழி. பழையபடியே செய்கிறேன்.

வீட்டு போர்வெல் தண்ணீருக்கு இதை வைக்கலாமா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் நிக்கல் வரம்பு 0.02 மில்லிகிராம், முதலில் சொன்ன, வெளியே விடுவதற்கான வரம்பான 3-க்கும் அதற்கும் 150 மடங்கு வித்தியாசம். ஈயத்துக்கு 0.01. ரோஸ் கலர் சொட்டு மருந்தெல்லாம் அந்த அளவில் எதையும் காட்டாது, கரி எப்போது நிறைந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆர்சனிக் என்றால் வெறும் கரி சுத்தமாக உதவாது. வங்கதேசத்துக் கிணறுகளுக்காக அபுல் ஹுஸாம் செய்து 2007-இல் கிரெய்ஞ்சர் பரிசு வாங்கிய சோனோ வடிகட்டியிலும் கரி இருக்கிறது, ஆனால் ஆர்சனிக்கைப் பிடிப்பது அதிலுள்ள இரும்பு. வீட்டுக்கு முதலில் லேபில் கொடுத்துத் தண்ணீரைப் பார்ப்பதுதான் வழி.

தொட்டிக்கரியை அரைத்துப் பயோசாராகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு டிரம் போட்டேன். உறுதியான கரி, மாவாகாது, அடைக்காது, ஆனால் நிக்கல் ஒரே வாரத்தில் எட்டிப் பார்த்துவிட்டது. கடலை ஓட்டுக்கரி பிடிப்பில் மேல், ஆனால் மென்மை. டிரம்மின் அடியில் நசுங்கி மாவாகி, பத்தாம் நாளுக்கு மேல் தண்ணீர் இறங்குவது மெதுவாகும். அதனால் இப்போது அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தொட்டிக்கரி, மேலே கடலை ஓட்டுக்கரி. நெல் உமிக்கரியை நான் ஓட்டியதில்லை. மழைக்காலத்தில் உபயோகித்த கரியைக் காயவைப்பது இன்னமும் தலைவலிதான், ஈரக் கரியை லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கும் சேர்த்து டன் கணக்கில் காசு கொடுக்கிறோம்.

ரெசின் வெசல் இன்னும் ஷெட்டின் மூலையில் நிற்கிறது. சாஃப்ட்னர் வைக்கிற யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம், எஃப்ஆர்பி (ஃபைபர்) வெசல், வால்வு எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. வெசலுக்குத்தான் செகண்ட் ஹேண்டில் விலை. உள்ளே இருக்கிற 100 லிட்டர் ரெசினை யாரும் வாங்கமாட்டார்கள், அதுவும் அபாயக் கழிவுப் பட்டியலில் வருகிறது. அடுத்த லாரியில் கரி மூட்டைகளோடு அதையும் நான்தான் ஏற்றி அனுப்ப வேண்டும்.